சாவியின் நீளம்: 511 எழுத்தா, 511 பைட்டா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். விவசாயி பெயர், தந்தை பெயர், முழு முகவரி, ரகம், தேதி எல்லாவற்றையும் கோத்து ஒரே சாவியாக்கி, அதாவது பதிவைத் தேடி எடுக்கும் அடையாளமாக்கி, எல்எம்டிபி (LMDB) தரவுத்தளத்தில் சேமித்தேன். அதற்காக நான் உருவாக்கிய சிறு நிரல் நூலகத்தின் ஆவணத்தில், "சாவி 511 எழுத்துவரை இருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். எழுத்து என்ற சொல்தான் பிழை. 511 என்பது எல்எம்டிபியின் வரம்பு; அது பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) கணக்கு.

ஆங்கிலத்தில் சோதிக்கும்வரை இந்தப் பிழை தலைகாட்டாது. அங்கே எழுத்துக்கு ஒரு பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக்கிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். மெய்யின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறியீடுகள். "தர்மபுரி" கண்ணுக்கு ஐந்து எழுத்து, சேமிப்பில் 24 பைட். "கிருஷ்ணகிரி" ஆறு எழுத்து, 33 பைட். ஆக, 511 பைட்டில் அடங்குபவை 170 தமிழ்க் குறியீடுகளே. பெங்களூரா ரக மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தபோது நீண்ட முகவரிக்காரர்களின் பதிவுகள் மட்டும் ஏறவில்லை. எல்எம்டிபி பிழைக்குறியைத் திருப்பித் தந்தது. என் நிரல் அதைப் பார்க்கவில்லை.

பதற்றத்தில் அடுத்த தவறும் செய்தேன்: நீண்ட சாவியின் வாலை வெட்டினேன். வாலில்தான் தேதி இருந்தது. ஒருவருடைய இரண்டு நாள் சுமைகள் ஒரே சாவியில் விழுந்து, பிந்தையது முந்தையதை அழித்தது. விவசாயியின் கூலி அது. வெட்டுவதைவிட, பிழை காட்டி நிறுத்துவதே நேர்மை.

இன்னொரு நுட்பம். "போச்சம்பள்ளி"யில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் 36 பைட், அடுத்ததில் 39. திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கோ இவை வெவ்வேறு சாவிகள். எந்த வடிவம் என்பதையும் ஆவணம் சொல்லியாக வேண்டும்.

511 என்பதும் மாறாத எண் அல்ல. எல்எம்டிபி நூலகத்தைத் தொகுக்கும்போது மாற்றக்கூடிய இயல்பு அளவு. போல்ட் (Bolt) என்ற இன்னொரு தரவுத்தள நூலகத்தில் இதே வரம்பு 32,768 பைட். ஒரு சாவிக்குப் பல மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் வசதியை எல்எம்டிபியில் பயன்படுத்தினால், அந்த மதிப்புகளுக்கும் சாவியின் வரம்பே பொருந்தும். பலரும் இதை எழுத மறக்கிறார்கள்.

இப்போது என் ஆவணத்தில் இருக்கும் வரிகள்: "சாவி 1 முதல் 511 பைட் வரை (இயல்பு அளவு). யுடிஎஃப்-8, என்எஃப்சி (NFC) வடிவம், அதாவது ஓகாரக் குறி ஒரே குறியீடாக. காலிச் சாவி ஏற்கப்படாது. வரம்பு மீறினால் பதிவு நடக்காது, பிழைக்குறி திரும்பும். சாவி ஒருபோதும் வெட்டப்படாது."