மேப்பிள் இலை ஓரம் கருகியது, சரி செய்த விதம்

ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு ஜப்பானிய மேப்பிள், தொட்டியில். கீழே சேலத்து வெயிலில் இது தாக்குப்பிடிக்காது. குளிரில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கிற மரம், மலைக்குத்தான் சரி.

சித்திரையில் இலை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்தது. வெயில்தான் என்றார்கள். நிழலுக்கு மாற்றினேன், புதுத் துளிரும் கருகியது. அப்புறம் தொட்டியைக் கிளறினால் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு, விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம், மேப்பிளுக்கு அது ஆகவே ஆகாது.

அடித்துளையில் ஒழுகும்வரை மழைநீர் ஊற்றி அலசினேன். தை மாதம் இலையில்லாத நேரத்தில் கலவையையே மாற்றினேன்: காப்பித் தோட்டத்து மக்கிய இலைமண், செம்மண், பொடி ஜல்லி. தண்டை மட்டும் புதைக்காதீர்கள். மேலே சருகு மூடாக்கு, காலை வெயில் மட்டும். இந்தக் கோடையில் ஓரம் கருகவில்லை.