என்கோடிங்கில் மட்டும் வேகம் குறைந்த பிராசஸர்: என் அனுபவம்

4.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட வைத்த) என் பிராசஸர், கேம் ஆடும்போது அந்த வேகத்திலேயே அசையாமல் நிற்கும். வீடியோ என்கோடிங் தொடங்கினால் மட்டும் 4.5-க்கு இறங்கிவிடும். முதலில் சூட்டைத்தான் சந்தேகிப்போம். ஆனால் வெப்பநிலை 75 டிகிரியைத் தாண்டவில்லை, மின் வரம்பையும் தொடவில்லை.

சரி என்று மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தால், 'ஏவிஎக்ஸ் ஆஃப்செட்' 3 என்றிருந்தது. ஏவிஎக்ஸ் என்பது பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கனமான கட்டளைகள்; அவை ஓடும்போது மல்டிப்ளையரை (வேகப் பெருக்கியை) எத்தனை படி குறைப்பது என்பதுதான் இந்த ஆஃப்செட். என்கோடர் ஏவிஎக்ஸ் கட்டளைகளை அனுப்பியதும் மல்டிப்ளையர் 48-லிருந்து 45-ஆகிறது. அது பெருக்கும் அடிப்படை வேகமான பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 300 மெகாஹெர்ட்ஸ் இழப்பு.

ஆஃப்செட்டை 0 ஆக்கினேன். வேகம் குறையாமல் நிலைத்தது, ஆனால் சிஸ்டம் உறைந்தது. அப்புறம் லோடில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் 'லோட்லைன் கேலிபரேஷன்' அமைப்பை ஒரு படி கூட்டியதும் முழு லோடில் வோல்டேஜ் சரிவது குறைந்து, எல்லாம் சீரானது. அதன் உச்சப் படிக்கு மட்டும் போகாதீர்கள். லோடு விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும். சூடு கொஞ்சம் கூடியது, நல்ல கூலர் இருந்தால் தாங்கும்.