வெளிநாட்டுக் கிளர்ச்சிச் செய்தி போனுக்கு வந்தால் என்ன செய்வது?

2025 செப்டெம்பரில் நேபாளத்தில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டாம் நாள், முன்னாள் பிரதமர் ஜாலாநாத் கனாலின் மனைவியை வீட்டோடு சேர்த்துக் கொளுத்திக் கொன்றுவிட்டார்கள் என்று பெரிய ஊடகங்கள் உட்பட எல்லா இடமும் செய்தி ஓடியது. இங்கே இலங்கையின் கிழக்கில், கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் வட்ஸ்அப் குழுக்களில் அதுதான் பேச்சு. ஆனால் அந்த அம்மா கடுமையான தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிருடன் இருந்தார். வீடு எரிந்தது உண்மை, காயம் உண்மை, மரணம் மட்டும் பொய். வெளிநாட்டுப் போராட்டம் பற்றி நமக்கு வருகிற பொய்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். முக்கால்வாசி உண்மை, அதற்குள் கால்வாசி வேறு ஏதோ.

ஆகவே முதல் வேலை, முதல் நாள் எதையும் அனுப்பாமல் இருப்பது. குறிப்பாக மரணச் செய்தியும் எண்ணிக்கையும். ஒரு இரவு கடந்தால் பாதிச் செய்திகள் தானாகவே திருத்தப்பட்டுவிடும். காத்திருப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை, காத்மண்டு உங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

அடுத்தது படம். வீடியோ வந்தால் பெயர்ப்பலகையோ பொலிஸ் சீருடையோ வாகன இலக்கத் தகடோ தெரிகிற இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் இரண்டு வருடத்துக்கு முன்னமே வேறு நாட்டில் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இப்போது ஏ.ஐ. வீடியோக்களும் வருகின்றன, அவற்றுக்குப் பழைய பிரதி இருக்காது என்பதால் லென்ஸ் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அதற்கு வேறு வழி: பட்டப்பகலில் ஆயிரம் பேர் கூடிய இடத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்தால் நூறு போனிலாவது பதிவாகியிருக்கும், வேறு கோணத்தில் இன்னொரு வீடியோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றே ஒன்றுதான் சுற்றுகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

படம் உண்மையாகவே இருந்தாலும் வேலை முடியவில்லை. 2003 ஏப்ரல் 9ஆம் திகதி பக்தாத்தின் பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் ஹுசைனின் சிலை விழுந்ததை ரி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நெருக்கமாக எடுத்த காட்சிகளில் ஊரே திரண்டு வந்து சிலையை இழுப்பதுபோல இருந்தது. தூரத்திலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது, சிலையைக் கடைசியில் இழுத்து விழுத்தியதும் அமெரிக்க இராணுவ வாகனம். யாரும் படத்தை மாற்றவில்லை, கமெராவைக் கிட்டக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். எனவே எந்தக் கூட்டப் படத்திலும் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் தெரியாத படத்தை வைத்து எத்தனை பேர் என்று சொல்ல முடியாது.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022இல் நாமே மற்றவர்களுக்கு ஒரு "வெளிநாட்டுக் கிளர்ச்சி"யாக இருந்தோம். ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை நீச்சல்தடாகத்தில் பொடியன்கள் குளித்த படம் உலகம் முழுக்கப் போனது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததில் அம்பாறை வயல்களில் என்ன நடந்தது, மண்ணெண்ணெய் இல்லாமல் வாழைச்சேனையில் படகுகள் எப்படிக் கரையில் கிடந்தன என்பதெல்லாம் அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை. "முழு நாடும் ஒன்றாக எழுந்தது" என்று வெளிநாட்டுக்காரர் எழுதியபோது, இங்கே பலர் கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்தார்கள், 2009இல் போர் முடிந்தபோது நமக்காக யார் வந்தார்கள் என்ற கேள்வியோடு. சிலர் பஸ் ஏறிக் கொழும்புக்கும் போனார்கள். இரண்டும் உண்மை. இனி வேறொரு நாட்டுப் போராட்டத்தைப் பார்க்கும்போது அங்கே கமெரா போகாத மாவட்டம் எது, தள்ளி நிற்பவர்கள் யார், ஏன் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி இல்லாமல் பார்க்காதீர்கள்.

ஊடகத்தின் சொந்தக்காரரைப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. அல் ஜசீரா கத்தார் அரசின் பணத்தில் நடப்பது, ஆர்.டி. ரஷ்யாவினுடையது, சி.ஜி.டி.என். சீனாவினுடையது, பிரஸ் ரி.வி. ஈரானுடையது, பி.பி.சி. உலக சேவைக்குப் பிரித்தானிய அரசின் பணமும் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு "எல்லாம் பொய்" என்று மூடிவைப்பது சோம்பேறித்தனம். அவர்கள் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று பாருங்கள். 2011இல் எகிப்தின் தஹ்ரீர் சதுக்கத்தை இரவு பகலாகக் காட்டிய அல் ஜசீராவின் அரபுச் சேவை, கத்தாருக்குப் பக்கத்து வீடான பஹ்ரைனில் மக்கள் எழுந்தபோது அந்தச் சூட்டைக் காட்டவில்லை என்ற விமர்சனம் அப்போதே வந்தது. அந்த மார்ச்சில்தான் சவூதி தலைமையில் வளைகுடாப் படைகள் பஹ்ரைனுக்குள் போயின. எகிப்து பற்றி அவர்கள் காட்டியது அதனால் பொய்யாகிவிடாது. எகிப்துக்கு ஒரு சனல், பஹ்ரைனுக்கு இன்னொரு சனல் பார்க்க வேண்டியிருந்தது.

சாட்சி சொல்கிறவர் அழுதால் நமக்கு உடனே மனம் இளகிவிடும், அதைத்தான் தொழிலாகச் செய்கிறவர்கள் குறி வைக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் நயீரா என்ற 15 வயதுப் பெண், குவைத் ஆஸ்பத்திரியில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளைத் தூக்கித் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்ததாக அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் அழுதபடி சொன்னார். ஜனாதிபதி புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அடுத்த ஜனவரியில் போர் தொடங்கியது. அவர் வாஷிங்டனில் இருந்த குவைத் தூதுவரின் மகள் என்பதும், அந்த நிகழ்வுக்குப் பின்னால் ஹில் அன்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் வேலை செய்தது என்பதும் 1992இல்தான் வெளியே வந்தது. நம் ஊர்ப் பெண்களும் அப்போது குவைத் வீடுகளில் வேலைக்கு இருந்தார்கள், ஈராக் படை அங்கே செய்த உண்மையான அநியாயங்கள் அவர்களுக்குத் தெரியும். அந்த உண்மைகளே போதுமாக இருந்தும் ஒரு பொய்யைச் செய்து விற்றார்கள் என்பதுதான் எரிச்சல். எனவே சாட்சியைக் கேட்டால் முழுப்பெயர் என்ன, மேடைக்குக் கூட்டி வந்தது யார், அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்த இன்னொருவர் என்ன சொன்னார் என்று தேடுங்கள்.

எண்களிலும் இதே கதை. 2022 நவம்பரில் ஈரான் 15,000 போராட்டக்காரர்களுக்கு மரண தண்டனை விதித்துவிட்டது என்று ஒரு பதிவு ஓடியது, அப்போதைய கனடாப் பிரதமர் ட்ரூடோ கூடப் பகிர்ந்து பிறகு நீக்கினார். கைதானவர்கள் பற்றிய மதிப்பீட்டையும், கடுமையான தண்டனை கேட்டு பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுதிய கடிதத்தையும் யாரோ ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். அடுத்த ஜனவரி நடுப்பகுதிக்குள் உண்மையில் தூக்கிலிடப்பட்டவர்கள் 4 பேர். அந்த 4 பேரைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில், பொய் எண்ணைக் காட்டி "பார்த்தீர்களா, எல்லாமே எதிரிகளின் புரளி" என்று சொல்ல ஈரான் அரசுக்கு வசதியாகிவிட்டது.

இனி மறுபக்கம். எந்த நாட்டில் சனம் எழுந்தாலும் அங்கே இருக்கிற அரசு சொல்லும் முதல் வசனம் "வெளிநாட்டுச் சதி". சதி இருக்கவே இருக்காது என்று நான் சொல்லவில்லை, ஆனால் சதி என்கிறவர்தான் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அப்படிச் சொல்கிற அரசு இணையத்தையும் துண்டித்தால் அந்த மௌனத்தையே செய்தியாக எடுங்கள். வங்கதேசத்தில் 2024 ஜூலை 18ஆம் திகதி இணையம் நின்றது. அந்த ஜூலையிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது.

பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு ஓடிய பிறகு அங்கே இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன, அது நடந்தது. அதோடு சேர்த்து இந்துவான கிரிக்கெட் வீரர் லிட்டன் தாஸின் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு படமும் வந்தது. எரிந்தது முன்னாள் அணித்தலைவர் மஷ்ரஃபே மொர்தாசாவின் வீடு, அவர் முஸ்லிம், ஹசீனா கட்சியின் எம்.பி.யாக இருந்தவர். இந்த இடத்தில் நம்மையே கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்க் கிராமத்துக் குழுவில் ஒரு வகைச் செய்தி உடனே நம்பப்படுகிறது, ஐந்து நிமிடம் தள்ளியிருக்கிற முஸ்லிம் ஊர்க் குழுவில் வேறு வகை. உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காதவரைப் பற்றிய செய்தி என்றால் இரண்டு மடங்கு சோதியுங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை என்று ஒரு வதந்தி பரவி, அந்த இரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பிறகு சோதித்துப் பார்த்தபோது அது மாவுக் கட்டி. பக்கத்துக் கடை விஷயத்திலேயே இப்படி என்றால் டாக்கா எம்மாத்திரம்.

தமிழில் சரிபார்க்க யூடர்ன், ஃபக்ட் கிரெசென்டோ பக்கங்கள் உண்டு, வங்கதேசச் செய்திக்கு ரூமர் ஸ்கேனர் நல்லது. ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கம் மெதுவாகத்தான் வரும், ஆனால் உறுதியாக இருக்கும்.

குழுவில் மாமா ஒருவர் பொய்ச் செய்தி போட்டால் எல்லாருக்கும் முன்னால் திருத்தாதீர்கள், அவர் வீம்புக்கு இன்னும் நாலு போடுவார். தனியாக "மாமா, இத உங்களுக்கு ஆர் அனுப்பினது?" என்று கேட்டு, திருத்தம் வந்த இணைப்பை அனுப்பிவிடுங்கள், நீக்குவதா இல்லையா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். டுபாயில் இருக்கும் தம்பிக்கு இந்த மாதிரி எதையும் தட்டிவிடாதீர்கள், அங்கே வதந்தி பரப்பினால் இணையக் குற்றச் சட்டத்தில் சிறை இருக்கிறது, "அண்ணன் அனுப்பியதைத்தான் பகிர்ந்தேன்" என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள்.