அரிப்பு என்றாலே ஈஸ்ட் தொற்றா? கிரீம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கீழே, பெண்ணுறுப்பில் அரிக்க ஆரம்பித்தால் யாரிடமும் சொல்ல வாய் வராது. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, காலையில் மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி ஒரு கிரீம் கேட்டு வாங்கி, இரண்டு நாள் தடவி, அரிப்பு அடங்கியதும் டியூபை எங்கேயோ போட்டுவிட்டு மறந்துபோகிறோம். மூன்றாவது வாரம் மறுபடியும் அதே அரிப்பு. நானும் இதைச் செய்தவள்தான். அதனால் மருந்துக்குப் போகும் முன், வந்திருப்பது ஈஸ்ட் என்கிற பூஞ்சைதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் சறுக்குவது அங்கேதான்.

2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு ஈஸ்ட் தொற்றுதான் என்று தாங்களே முடிவு பண்ணி மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். உண்மையில் வெறும் ஈஸ்ட் தொற்று இருந்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான்! மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று, சிலருக்கு ஒன்றுமே இல்லை.

சரி, ஈஸ்ட் என்றால் எப்படி இருக்கும்? அரிப்புதான் முதலில் வரும், அதுவும் சாதாரண அரிப்பு கிடையாது, உட்கார்ந்த இடத்தில் உட்கார விடாது. வெளிப்பகுதி சிவந்து லேசாக வீங்கியிருக்கும், சொறிந்து சொறிந்து மெல்லிய வெடிப்புகூட விழும், அதன்மேல் சிறுநீர் பட்டால் சுரீரென்று எரியும். (இந்த எரிச்சலை நீர்க்கடுப்பு என்று நினைத்து நான் இரண்டு நாள் தண்ணீராகக் குடித்தேன். நீர்க்கடுப்பில் எரிச்சல் உள்ளுக்குள், சிறுநீர் வரும் வழியில் இருக்கும், இதில் வெளித்தோலில்.) வெள்ளைப்படுதல் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் அப்படி வருவதில்லை, சிலருக்குத் தண்ணீராகவும் இருக்கும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வாடை. ஈஸ்ட்டில் பெரிதாக நாற்றம் இருக்காது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுகிறது என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியா சமாச்சாரம். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும், அது பாலுறவால் பரவுவது, கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். இந்த இரண்டுக்கும் பூஞ்சை கிரீம் எத்தனை டியூப் தடவினாலும் பலன் இல்லை.

'சுத்தமாக இல்லாததால்தான் வந்தது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கேண்டிடா என்கிற இந்தப் பூஞ்சை பலருடைய உடம்பில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கிறது. அங்கேயே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் பெருக விடாமல் வைத்திருக்கும். வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இந்த நல்லதுகளும் சேர்ந்து செத்துப்போக, பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கர்ப்பம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து எல்லாம் இதே வேலையைச் செய்யும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவதாகக் கணக்கு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்து இரண்டு வகை. ஒன்று, உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை: 500 மில்லிகிராம் என்றால் ஒரே ஒரு ராத்திரி, 100 மில்லிகிராம் என்றால் ஆறேழு ராத்திரி. இன்னொன்று, வாயில் போடும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. சாதாரணத் தொற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யும். ஆனால் கர்ப்பமாக இருந்தால், இருக்கலாமோ என்று சந்தேகம் இருந்தால்கூட, ஃப்ளூகோனசோலை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. அவர்களுக்கு ஒரு வாரம் உள்ளே வைக்கும் மருந்துதான், அதுவும் டாக்டர் சொல்லி. ரத்தம் உறையாமல் இருக்கவோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுவிட்டே ஃப்ளூகோனசோல் போட வேண்டும்.

உள்ளே வைப்பதைப் படுக்கப் போகும்போது செய்யுங்கள். கையைக் கழுவிவிட்டு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, மாத்திரையை வலிக்காத அளவுக்கு எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு தள்ளிவிட்டு, எழுந்து நடமாடாமல் அப்படியே தூங்கிவிடுங்கள். காலையில் உள்ளாடையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும், பயப்படாதீர்கள், கரைந்த மருந்துதான் அது. பீரியட்ஸ் நேரத்தில் வைத்தால் ரத்தத்தோடு மருந்தும் போய்விடும், அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் ஆணுறையின் ரப்பரையும் பலவீனமாக்கும், ஆகவே மருந்து முடிந்து சில நாள் போகும்வரை அதை நம்ப வேண்டாம். அப்புறம், ஏழு நாள் மருந்து என்றால் மூன்றாம் நாளே அரிப்பு நின்றாலும் ஏழு நாளும் வைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக எடுத்துத் தடவாதீர்கள். முதல் நாளே அரிப்பு பறந்துவிடும், அதுதான் ஏமாற்று. பூஞ்சை அப்படியே இருக்க, தோல் மட்டும் மெலிந்துகொண்டே போகும். சோப்பு, வாசனைத் திரவம், உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, பூண்டு வைப்பது எதுவும் வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை போடுங்கள், நனைந்த துணியோடு உட்காராதீர்கள்.

முதல் தடவையாக வருகிறது, கர்ப்பம், அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், மருந்து முடித்தும் ஒரு வாரத்தில் குணமில்லை: இதில் எது இருந்தாலும் நேராக டாக்டரிடம் போங்கள். வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தாலும்தான். அப்படி அடிக்கடி வருபவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை என்று ஆறு மாதம் கொடுப்பதுண்டு. சர்க்கரையும் பார்ப்பார்கள், சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவரும். வழக்கமான மருந்துக்கு அசையாத வேறு ரகக் கேண்டிடாவாக இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஒன்று மட்டும், போவதற்கு முன் ஓரிரு நாள் உள்ளே எந்த மருந்தும் வைக்காமல் போங்கள். கிரீமோடு போனால் மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை சிக்காமல் போகலாம்.