ஸ்லாப் செரிஃப் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் முறை

ஆங்கில எழுத்துகளின் கோட்டு நுனிகளில் காணப்படும் சிறு குறுக்குப்பட்டைக்குச் செரிஃப் என்று பெயர். அப்பட்டை கூராக மெலிந்து முடியாமல், எழுத்தின் நிமிர்ந்த கோட்டுக்கு ஏறத்தாழ இணையான தடிப்பில் செங்கல் வைத்தாற்போல் அமைந்திருந்தால், அது ஸ்லாப் செரிஃப் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அச்செழுத்து வார்ப்பகங்கள் இதை முதன்மையாக விளம்பரத்துக்காகவே வார்த்தன. சுவரொட்டி தொலைவிலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம். எனவே உங்கள் வேலை பார்வையை இழுப்பதா, நெடுநேரம் படிக்க வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிறகு, பரிசீலிக்கும் எழுத்துருவில் சிறிய 'என்' (n) எழுத்தைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கி, பட்டையும் கோடும் சேரும் மூலையைக் கவனியுங்கள். மூலை வளைந்து இணைந்து, கோடுகளின் தடிப்பும் சற்றே ஏறி இறங்கினால், அது 1845இல் லண்டனில் வெளியான கிளாரெண்டன் எழுத்துருவின் வழிவந்தது. சாதாரண எழுத்தில் ஓடும் பத்திக்குள் ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட, அகராதித் தலைச்சொற்களில் செய்வதுபோல், இவ்வகை நன்கு பொருந்தும். மூலை செங்கோணமாக வெட்டப்பட்டு எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருந்தால், அது மோனோடைப் நிறுவனம் 1934இல் வெளியிட்ட ராக்வெல் எழுத்துருவின் இனம். ராக்வெல்லில் பெரிய 'ஏ' (A) எழுத்தின் உச்சியில்கூட ஒரு பட்டை உண்டு. தலைப்பில் கம்பீரமாகத் தெரியும் அந்தப் பட்டையே பத்தி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்போது கண்ணை உறுத்துகிறது. நீண்ட கட்டுரைக்கு ராக்வெல்லைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு, கிண்டில் மின்னூல் கருவியின் வாசகர்களுக்குப் பழகிய சிசிலியா எழுத்துரு போன்ற மென்மையான வடிவமே ஏற்றது.

தட்டச்சுப் பொறிக்காக 1950களில் ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துருவின் கதை வேறு. அதில் 'எம்' (m) எழுத்துக்குக் கிடைக்கும் அதே அகலம் ஒல்லியான 'ஐ' (i) எழுத்துக்கும் கிடைப்பதால், மிஞ்சும் வெற்றிடத்தை நிரப்பவே அதன் பட்டைகள் நீள்கின்றன. திரைக்கதைப் பிரதியிலும் நிரல்வரிகளிலும் அது இயல்பாக இருக்கும். அழைப்பிதழில் அலுவலக வாடை அடிக்கும்.

தலைப்பு முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேபிடல்) அமைத்தால், அடுத்தடுத்த பட்டைகள் ஒன்றோடொன்று முட்டாதபடி எழுத்து இடைவெளியைச் சிறிது கூட்டுங்கள். கீழே வரும் பத்திக்குச் செரிஃப் இல்லாத எளிய எழுத்துருவே போதும். இரண்டு ஸ்லாப் வகைகளை அருகருகே வைத்தால் எதுவும் முன்னால் நிற்காது. சிறிய அளவில் மிகத் தடித்த வகையைத் தவிர்ப்பது நல்லது. மை பரவும் தாளில் 'ஈ' (e), 'ஏ' (a) போன்ற சிறிய எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுவிடும். தமிழ்த் தலைப்பையும் உடன் சேர்ப்பதானால், புள்ளி அளவை அப்படியே நகலெடுக்காமல், இரண்டின் கோட்டுத் தடிப்பும் ஒத்துவரும்வரை மாற்றிப் பாருங்கள். இறுதி முடிவைத் திரையில் எடுக்காமல், உண்மை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பார்வையாளர் நிற்கப்போகும் தொலைவிலிருந்து பார்த்து எடுங்கள்.