கரண்ட் வைக்கும் ஏழு வாரமும், அதில் நடக்கும் தப்புக் கணக்குகளும்

"இன்னும் பன்னிரண்டு கரண்ட்தான் பாக்கி. பொங்கலுக்கு மூணு நாள் ஊருக்குப் போயிட்டு வந்துடட்டுமா டாக்டர்? உடம்புக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவின் வாசலில் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி இது. கேட்பவர் மேல் குற்றமில்லை. வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை, கழுத்துத் தோல் கருத்து உரிகிறது. இந்த நிலையில் மூன்று நாள் இடைவெளி கருணையாகத்தான் தெரியும். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு ஆய்வுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நியாயமாகத் தோன்றி, இரக்கத்தோடு செய்த பல காரியங்கள் சோதித்துப் பார்த்தபோது நோயாளிக்கே எதிராகப் போயிருக்கின்றன. இந்தக் கணக்கில் சறுக்கியவர்கள் வீட்டார் மட்டுமில்லை, டாக்டர்களும்தான்.

முதலில் அந்த மூன்று நாள். கதிர்வீச்சை மட்டுமோ மருந்தோடு சேர்த்தோ முழு சிகிச்சையாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு 70 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், 35 தவணைகளாகப் பிரித்து ஏழு வாரம் கொடுப்பார்கள். அறுவைக்குப் பிறகு என்றால் 60 முதல் 66 கிரே. கதிர் பட்டுச் செத்தது போக மிஞ்சும் புற்றுச் செல்கள் சும்மா இருப்பதில்லை. ஏறத்தாழ நான்காவது வாரத்திலிருந்து அவை முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. கதிர்வீச்சு ஆய்வாளர் ரோட்னி விதர்ஸின் குழு 1988இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.6 கிரே, இந்தப் புது வளர்ச்சியை ஈடுகட்டுவதற்கே செலவாகிவிடுகிறது. நாம் லீவு எடுத்தாலும் கட்டி லீவு எடுப்பதில்லை. பன்னிரண்டு தவணை பாக்கி என்கிற கட்டம் சரியாக அந்த ஆபத்தான காலத்தில்தான் வருகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் டென்மார்க்காரர்கள். மொத்த அளவும் தவணைகளின் எண்ணிக்கையும் அதேதான்; வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு தவணை, அவ்வளவுதான் மாற்றம். சிகிச்சை ஒரு வாரம் முன்னதாக முடிந்தது. ஏறத்தாழ 1,500 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. ஐந்து வருட முடிவில் கட்டி கட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து தவணைக்காரர்களில் 60 சதவீதம், ஆறு தவணைக்காரர்களில் 70 சதவீதம். பணக்கார நாட்டில் நடந்ததாயிற்றே என்று தள்ளிவிடவும் முடியாது. சர்வதேச அணுசக்தி முகமை ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவையும் சேர்த்து ஒன்பது மையங்களில் 908 பேரிடம் அதையே செய்து பார்த்தது. 2010இல் வந்த விடை: 30 சதவீதத்துக்கு எதிராக 42. புது இயந்திரமில்லை, புது மருந்தில்லை. சனிக்கிழமையும் பிரிவைத் திறந்து வைத்ததற்குக் கிடைத்த பலன் இது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான ஆய்வுகள் இவை இரண்டும்தான்.

உடனே போய் டாக்டரிடம் "எனக்கும் ஆறு நாள் வையுங்கள்" என்று கேட்பது அடுத்த தவறு. அந்த ஆய்வுகளில் ஆறு தவணை வாங்கியவர்களுக்கு வாய்ப்புண் கடுமையாக வந்தது. கட்டி திரும்பி வருவது குறைந்ததே தவிர, மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்குக் கூடவே கீமோவும் கொடுக்கவில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது கதிர்வீச்சை வேகப்படுத்துவதால் கூடுதல் லாபமில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்று பிறகு காட்டியது. இயந்திரம் பழுதாகியோ பண்டிகை குறுக்கிட்டோ நாள் விட்டுப்போனால் ஈடுகட்ட வழி உண்டு. சனிக்கிழமை வரச் சொல்வார்கள், அல்லது ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தவணை வைப்பார்கள். வரச் சொன்னால் போய்விட வேண்டும். இந்த வகை நோயாளிகளுக்கு மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்பது பிரிட்டன் கதிரியல் மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

வலி தாங்கவில்லை என்றால் நிறுத்துவதற்குப் பதில் வலியைச் சொல்ல வேண்டும். மார்ஃபின் கொடுத்தாவது தவணையைத் தொடர்வார்கள். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்றதும் வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள், ஏதோ கடைசிக் கட்டம் மாதிரி. அது சில வாரம் சாப்பாடு போக ஒரு வழி, அவ்வளவே. சாப்பாடு போகாமல் ஆள் இளைத்தால் முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாஸ்க் தொளதொளத்துப் போகும். தலை அசையாமலிருக்கத்தான் அந்த மாஸ்க். மில்லிமீட்டர் கணக்கில் குறிபார்த்துப் போட்ட திட்டம் பிறகு எதற்கு?

இனி, "தெம்புக்கு" என்று வாங்கித் தரும் மாத்திரைகள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ மாத்திரை, முதலில் சேர்ந்தவர்களுக்கு பீட்டா கரோட்டினும். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. ஆன்டிஆக்ஸிடன்ட் நல்ல செல்களைக் காக்கும் என்பது கணக்கு. கடுமையான பக்கவிளைவு கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனால் மாத்திரை தின்றவர்களுக்குக் கட்டி திரும்புவதும் அதிகமாகும் போக்கு தெரிந்தது; பின்னர் கணக்கெடுத்தபோது அவர்களில் இறப்பும் கூடியிருந்தது. யோசித்தால் வியப்பில்லை. கதிர்வீச்சு புற்றுச் செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு, செல்லுக்குள் அது கிளப்பிவிடும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற துடிப்பான மூலக்கூறுகளுடையது. அதை அணைக்கும் மாத்திரை நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று பார்த்து வேலை செய்யாது. தட்டில் இருக்கும் கேரட்டையும் கீரையையும் பற்றிய பேச்சு இல்லை இது. டப்பாவில் வரும் அதிக டோஸ் மாத்திரையையும், "நூறு சதவீதம் இயற்கை" என்று வாட்ஸ்அப்பில் விற்கும் பொடியையும் பற்றியது. கதிர்வீச்சு முடியும் வரை எதைச் சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் மருத்துவர்களுடையது. ஆக்ஸிஜன் நன்றாகப் போகும் செல், ஆக்ஸிஜன் இல்லாத செல்லைவிட இரண்டரை, மூன்று மடங்கு எளிதில் கதிர்வீச்சில் சாகும். ரத்தம் குறைந்த நோயாளிகளுக்கு சிகிச்சை சரியாகப் பிடிக்காததையும் பார்த்திருந்தார்கள். அப்படியானால் ரத்தத்தை ஏற்றும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டால் குணமும் கூடுமே? ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ஹென்கே தலைமையில் 351 பேரிடம் நடந்த சோதனை 2003இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் குறித்த அளவைத் தாண்டியது. போலி ஊசி போட்டவர்களில் 15 சதவீதம். ரிப்போர்ட் பளபளவென்று வந்தது. நோயோ, ஊசி போட்டவர்களில்தான் சீக்கிரம் திரும்பியது. ரத்தப் பரிசோதனையில் எண் ஏறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றில்லை. டாக்டர் பார்த்து ரத்தம் ஏற்றச் சொல்வது வேறு விஷயம். "ரத்தம் ஊற ஊசி இருக்காமே" என்று நாமே தேடிப்போவதுதான் கூடாது.

வெளிநாட்டுச் செய்தியை அப்படியே நம் வாய்க்கு மாட்டுவது இன்னொரு வகைத் தவறு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொண்டைப் பகுதிப் புற்றில் கணிசமான பங்கு ஹெச்.பி.வி. வைரஸால் வருவது. அது கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். சிகிச்சையை இலேசாக்கலாம் என்று அங்கே ஆராய்வதும் அதனால்தான். அந்த இலேசாக்கலே ஒருமுறை குப்புற விழுந்தது. சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த 334 பேர் ஆய்வில், இரண்டு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் சிஸ்பிளாட்டின் பிரிவில் 97.5 சதவீதம், செடக்ஸிமாப் பிரிவில் 89.4. பக்கவிளைவும் பெரிதாகக் குறையவில்லை.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகிய இடங்களில் வரும் புற்று. பெரும்பாலும் புகையிலை, குட்கா, பாக்கு. இதற்கு முடிந்தவரை முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு. "ஆபரேஷன் இல்லாமல் கரண்ட்லயே குணமாகுதாம்" என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்கள், தங்களுடையதில்லாத வேறொரு நோயின் ஆய்வைப் படித்திருக்கிறார்கள். நமக்குப் பொருந்தும் ஆய்வுகள் இங்கேயே நடக்கின்றன. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுக்கு பிளியோமைசின் என்ற மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துச் சோதித்தது 1970களில். 2018இல் மும்பை டாடா மருத்துவமனை 300 பேரிடம், பெரும்பாலும் வாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்தவர்களிடம், சிஸ்பிளாட்டினை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு வாரம் 30 மில்லிகிராம் என்ற முறையில், இரண்டு வருட முடிவில் கட்டி கட்டுக்குள் இருந்தவர்கள் 58.5 சதவீதம். மூன்று வாரத்துக்கொருமுறை 100 என்றதில் 73.1. அப்படியானால் வாராந்திர முறையே தப்பா? இல்லை. அறுவைக்குப் பிறகு வாரம் 40 கொடுத்த ஜப்பான் ஆய்வில் முடிவு மோசமாகவில்லை. தலைப்பை மட்டும் படித்தால் "வாரா வாரம்" என்ற சொல்தான் கண்ணில் படும்; வித்தியாசம் டோஸில் இருக்கிறது. சிறுநீரகமோ காதோ சிஸ்பிளாட்டினைத் தாங்காதவர்களுக்கு டோசிடாக்சல் என்ற மருந்து உதவுவதையும் அதே டாடா 2023இல் காட்டியது. இரண்டு வருட உயிர்பிழைப்பு 41.7 சதவீதத்திலிருந்து 50.8க்கு ஏறியது.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எம்.ஆர்.டி. (கதிரின் வீச்சைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப மாற்றிக் கொடுக்கும் முறை) இருக்கும் இடம்தான் வேண்டும் என்று கடன் வாங்கி ஓடுகிறவர்கள் உண்டு. அது தரும் நன்மை மெய்யானது. பிரிட்டனில் 94 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து வாய் வறட்சியால் கணிசமாக அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், இதில் 38. ஆனால் மிஞ்சியது உமிழ்நீர்தான். கட்டி கூடுதலாகக் குணமானதாக அதில் தெரியவில்லை. குணத்தைத் தீர்மானிப்பதில் திட்டம் போடும் கைக்கும் பெரிய பங்குண்டு. 2010இல் கதிர்வீச்சு மருத்துவர் லெஸ்டர் பீட்டர்ஸின் குழு, பல நாடுகளில் 861 பேரிடம் நடந்த ஒரு மருந்துச் சோதனையின் கதிர்வீச்சுத் திட்டங்களைத் தோண்டிப் பார்த்தது. மருந்தால் பயனில்லை. 12 சதவீதம் பேருக்குத் திட்டத்திலேயே பெரிய ஓட்டை இருந்தது தெரியவந்தது. அவர்களில் இரண்டு வருடம் உயிரோடிருந்தவர்கள் 50 சதவீதம். சரியாகத் திட்டமிட்டவர்களில் 70. இந்த ஓட்டைகள் சோதனைக்கு அதிகம் பேரைச் சேர்த்த மையங்களில் குறைவு, ஓரிருவரைச் சேர்த்த மையங்களில் அதிகம். ஆகவே விசாரிக்க வேண்டிய கேள்வி, "வருஷத்துக்கு இந்த மாதிரி கேஸ் எத்தனை பார்க்கிறீர்கள்?"

புகையை விடாமல் கரண்ட் வைத்துக்கொள்வது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1993இல் வந்த கனடா ஆய்வில், கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் புகைத்தவர்களில் 45 சதவீதம், விட்டவர்களில் 74.

கரண்ட் தொடங்கும் முன்பே பல்லைப் பார்த்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகலாம், அதுவும் பல வருடம் கழித்துக்கூட. சொத்தையைப் பிடுங்கி, இரண்டு வாரமாவது ஆறவிட்டுத் தொடங்குவார்கள். பிற்பாடு எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறது" என்பதுதான் முதல் வாக்கியம்.

எல்லாம் முடிந்த பிறகு வருவது அவசரம். கடைசிக் கரண்ட் முடிந்து ஒரு மாதத்தில் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடத் துடிப்பார்கள். அப்போது கதிர்வீச்சின் அழற்சியும் ஸ்கேனில் ஒளிரும், மிச்சக் கட்டியும் ஒளிரும். பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரிட்டனில் கழுத்து நெறிகட்டிகளுக்கும் (நிணநீர் முடிச்சுகள்) நோய் பரவியிருந்த 564 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எல்லோருக்கும் கழுத்து அறுவை என்பது திட்டம். மறு பிரிவுக்கு 12 வாரம் பொறுத்து ஸ்கேன், சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. முதல் பிரிவில் 221 பேருக்குக் கத்தி பட்டது, பொறுத்திருந்தவர்களில் 54 பேருக்கு. இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 81.5 சதவீதம், பொறுத்திருந்த பிரிவில் 84.9.