சைக்கடெலிக் எழுத்துரு: சறுக்கும் இடங்கள்

உருகி வழிவதுபோல் நெளியும் ஒரு சைக்கடெலிக் (மனமயக்கக் காட்சி போன்ற) எழுத்துருவைப் பதிவிறக்கி, விழாவின் பெயரை ஒரே வரியில் தட்டச்சு செய்து நடுவில் வைத்துவிட்டால் 1960-களின் சாயல் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வராது. மற்றத் தவறுகள் பலவும் இந்த நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன.

1966-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் இசை அரங்குக்காக வெஸ் வில்சன் வரைந்த சுவரொட்டிகளைப் பாருங்கள். வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த கட்டை எழுத்தே வில்சனுக்கு முன்மாதிரி. ரோலரிடம் சதுரத்துக்குள் அடங்கி நின்ற எழுத்து, வில்சன் கையில் தீச்சுவாலையாக வளைந்தது. முதலில் ஒரு வடிவம். அதை இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவதே எழுத்தின் வேலை. கையால் வரைந்ததால் ஒரே ஆங்கில 'ஏ' ஓரிடத்தில் ஒல்லியாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் இருக்கலாம். எழுத்துருவில் எல்லா 'ஏ'யும் ஒரே அச்சு. ஆகவே, தட்டச்சு செய்ததும் எழுத்துகளை வெக்டர் வடிவமாக (இழுத்து வளைக்கக்கூடிய கோட்டு வடிவமாக) மாற்றி, ஒவ்வொன்றையும் இழுத்து வளைத்துப் பக்கத்து எழுத்தோடு பொருத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி எங்கும் ஒரே தடிமனுள்ள மெல்லிய கோடாக ஓடினால் வேலை முடிந்தது. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வேறு எழுத்துருவைத் தேடிக்கொள்வது நல்லது.

நிறத்திலும் இதே அவசரம்தான். பளிச்சென்று கண்ணில் பட்டதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். அதே காலத்துச் சுவரொட்டி ஓவியர் விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் நிறங்களை ஆராய்ந்த ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸிடம் பயின்றவர். கணக்குப் போட்டே நிறம் வைத்தார். சிவப்பும் பச்சையும்போல எதிரெதிரான நிறங்களை ஒரே அளவு வெளிச்சத்தில் அருகருகே வைத்தால் அவற்றின் எல்லை கண்ணில் துடிக்கும். உங்கள் கோப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்: எழுத்து பின்னணியில் கரைந்து மறைந்தால் வெளிச்சம் சமமாக இருக்கிறது என்று பொருள். நான்கைந்து நிறங்களை அள்ளிப்போட்டால் துடிப்பு போய் இரைச்சல்தான் மிஞ்சும். திரையில் ஒளிரும் நிறம் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும் என்பதால், மாதிரிப் பிரதி பார்க்காமல் அச்சகத்துக்கு ஒப்புதல் தராதீர்கள்.

நிழல், ஓரக்கோடு, கசங்கிய தாள் பின்னணி மூன்றும் வேண்டவே வேண்டாம்.

முகவரி, தொலைபேசி எண், கட்டணம் எல்லாவற்றையும் இதே எழுத்தில் போடுவது இன்னொரு வழக்கம். ஃபில்மோர் சுவரொட்டிகளில் இசைக்குழுக்களின் பெயர் எவ்வளவு நெளிந்தாலும், சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை போன்ற டிக்கெட் விற்கும் இடங்களின் பட்டியல் அடியில் சிறிய, நேரான எழுத்தில் இருக்கும். படிப்பவரைத் திணறடித்து மகிழ்ந்தவர்கள்கூட வசூல் விஷயத்தில் விளையாடவில்லை!

இவ்வகை எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. கையால் வரைகிறவர்கள் புள்ளியில் கவனமாக இருங்கள். இடுக்கை நிரப்பும் ஆர்வத்தில் அது மேல் வரியின் வளைவோடு ஒட்டிக்கொண்டால் 'பாட்டு' என்பது 'பாடடு' ஆகிவிடும். மேல் வரி எழுத்தின் அடிப்பாகத்தைச் சற்றே குடைந்து, புள்ளி தனித்து நிற்க இடம் கொடுங்கள்.